வைத்தியசாலையில் கட்டட வேலை நடக்கும்போது ஊழியருக்கும் வருவோருக்கும் தகவல் சேர்ப்பது எப்படி: வன்னிக்கான ஒரு முழுமையான வழிகாட்டி

கிளினிக் ஒன்று பழைய கட்டடத்திலிருந்து வேறொரு கட்டடத்துக்கு மாறினால், வரைபடத்தில் அது நூறு மீட்டர் நகர்வுதான். வேரவிலிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துக் கிளிநொச்சியில் வந்து இறங்கும், பாரிசவாதத்தில் ஒரு கால் இழுபடும் ஐயாவுக்கு அந்த நூறு மீட்டர் பெரிய தூரம். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, யாரோ கை காட்டிய பக்கம் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் நம்பர் முடிந்து மருந்தில்லாமல் வீடு போனால், அடுத்த மாதம் அவர் வராமலே விட்டுவிடக்கூடும். பிறகு அவரை அவசர சிகிச்சைப் பிரிவில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு விடயத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும்: நோயாளி வீட்டிலிருந்து புறப்படும் முன்பே தகவல் அவரிடம் போயிருக்க வேண்டும். வாசலில் தொங்கும் பலகை, வழியில் தவறவிட்டதைத் திருத்துவதற்கு மட்டும்தான். மாவட்டப் பொது வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, பிரதேச வைத்தியசாலை எதுவானாலும், இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் கீழே உள்ளவை உதவும். வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது.

வன்னியில் இது ஏன் கொஞ்சம் வேறு

போருக்குப் பிறகு இங்கே வைத்தியசாலைகள் ஓயாமல் கட்டப்பட்டே வருகின்றன. நெதர்லாந்தின் உதவியுடன் கிளிநொச்சியில் மகளிர் சிகிச்சை நிலையமும் மாங்குளத்தில் புனர்வாழ்வு வைத்தியசாலையும் எழுந்தன. சிறிய வைத்தியசாலைகளிலும் ஒரு விடுதி, ஒரு ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) என்று வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நல்ல விடயம். ஆனால் வைத்தியசாலை இடம் மாறுகிறது என்ற பேச்சு இந்த மண்ணில் இன்னொரு நினைவையும் கிளப்பும். 2008, 2009இல் வைத்தியசாலைகள் சனத்தோடு சேர்ந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்தன. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது ஷெல் விழுந்தது. அதைக் கண்ட தாதியர், சிற்றூழியர் சிலர் இன்றும் வேலையில் இருக்கிறார்கள். அப்போது காயப்பட்டவர்கள் இன்று கிளினிக்குக்கு வருகிறார்கள். இவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சுவரை இடிக்கத் தொடங்குவது சின்ன விடயம் அல்ல.

தூரம் அடுத்த சிக்கல். கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவுக்கோ, நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்கோ வருபவருக்கு, வந்த வேலை முடியாவிட்டால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். மூன்றாவது, மொழி. வைத்தியர்களிலும் தாதியரிலும் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் பலர். வவுனியாவிலும் வெலிஓயாப் பக்கத்திலும் சிங்களம் பேசும் நோயாளர்களும் உண்டு. எந்த அறிவித்தலையும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் போடுங்கள். முதலில் ஒன்று, பிறகு மற்றது என்று போனால், பிந்திப் போன பக்கத்தில் வதந்தி முந்திக்கொள்ளும்.

முதல் படி: ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்

குழு அமைப்பது எளிது. ஆனால் “ஸ்கான் அறை நாளைக்கு எங்கே?” என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு ஆள் தேவை. அது பணிப்பாளராக இருக்கவேண்டாம், அவருக்கு நேரமிருக்காது. திட்டமிடல் பிரிவில் உள்ள வைத்தியரோ, அனுபவமுள்ள ஒரு தாதிய சகோதரியோ, துடிப்பான ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தரோ போதும். அவர் லீவில் நின்றால் யார் என்பதையும் எழுதி வையுங்கள். அவருக்கு மூன்று அதிகாரங்கள் வேண்டும்: தவறான பலகையைக் கேட்காமலே கழற்றலாம், ஒப்பந்தக்காரரின் பொறியியலாளரை நேரே அழைக்கலாம், பணிப்பாளரின் கதவை எந்த நேரமும் தட்டலாம்.

ஒப்பந்தக்காரருடன் வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் இருங்கள். கேட்கவேண்டியது ஒன்றுதான்: வருகிற இரண்டு வாரத்தில் எந்தப் பாதை மூடும், எது சத்தம் போடும், எது நிற்கும்? நிற்பது என்றால் தண்ணீர், கரண்ட், ஒட்சிசன், தொலைபேசி. பதில்களை ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பக்கமும் ஒப்பமிடுங்கள். பொறுப்பாளரின் ஒப்பம் இல்லாமல் எந்தப் பாதையையும் தகரம் வைத்து மறைப்பதில்லை என்ற நிபந்தனையை வேலை தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் வேலை சுணங்குகிறது என்பார்கள். தொடங்கும் முன்பு கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இரண்டாம் படி: நோயாளியின் பாதையில் நடந்து பாருங்கள்

அலுவலகத்தில் இருந்து வரைபடத்தைப் பார்த்துப் பலகை எழுதாதீர்கள். காலை ஆறரைக்கு பஸ் நிற்கும் இடத்திலிருந்து கையில் ஒரு கிளினிக் கொப்பியுடன் தொடங்குங்கள். நம்பர் எடுக்கும் இடம், பதியும் இடம், இரத்தம் குத்தும் இடம், வைத்தியர், மருந்தகம் என்று கடைசிவரை போய், அங்கிருந்து வெளியே வாருங்கள். இடமா வலமா என்று தயங்கி நிற்கும் ஒவ்வொரு புள்ளியையும் குறியுங்கள். பலகை தேவைப்படுவது அந்த இடங்களில்தான், வேறெங்கும் இல்லை.

அதே பாதையில் ஒருவரைச் சக்கர நாற்காலியில் இருத்தித் தள்ளிக்கொண்டு இன்னொரு தரம் போங்கள். வன்னியில் இந்த நடையை விடவே கூடாது. கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் இங்கே நிறையப்பேர். தற்காலிகப் பாதையில் கொட்டிய சல்லிக்கல்லும் ஒரு சின்னப் படியும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். பாதை அவர்களுக்கு ஏலாது என்றால் முதலில் பாதையைத் திருத்துங்கள், பலகையைப் பிறகு எழுதலாம். மூன்றாவது தரம் இரவில் போங்கள். பகலில் பளிச்சென்று தெரிந்த அம்புக்குறி, லைட் இல்லாத மூலையில் காணாமல் போயிருக்கும்.

மூன்றாம் படி: ஊழியருக்கு முதலில்

வாசலில் நிற்கும் செக்குரிட்டி, தொலைபேசி எடுப்பவர், ட்ரொலி தள்ளும் சிற்றூழியர் ஆகிய மூவரிடம்தான் சனம் வழி கேட்கும். பல இடங்களில் தகவல் கடைசியாகப் போவதும் இவர்களிடமே. செக்குரிட்டி வெளி நிறுவனத்தின் ஆள், துப்புரவு வேலை செய்பவர் இன்னொரு நிறுவனத்தின் ஆள், அதனால் உள் சுற்றறிக்கை அவர்கள் கைக்குப் போவதில்லை. பட்டியலை இவர்களிலிருந்து தொடங்குங்கள். கன்ரீன்காரர், அம்புலன்ஸ் சாரதிகள், பிரேத அறைப் பொறுப்பாளர், பயிற்சிக்கு வந்த தாதிய மாணவர் எல்லோரையும் சேருங்கள். பிரேத அறையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாவு வீட்டுக்காரர் ஒரு உடலை எடுக்க வந்து, மூடிய பாதையில் அலைவதுபோலக் கொடுமை வேறில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே ஒரு பக்கத்தில் “இந்த வாரம்” என்ற தாள் போகட்டும். மேலே சின்ன வரைபடம், அதன் கீழ் என்ன மாறுகிறது, எப்போது, கேள்வி என்றால் யாரிடம் என்ற மூன்று விடயம். இரண்டாம் பக்கத்துக்குப் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள். பெரிய மாற்றமென்றால், தாள் போன பிறகும், மாற்றத்துக்கு முந்திய நாளும் மாறும் அன்றும் வேலை கைமாறும் நேரத்தில் வாயால் சொல்லுங்கள். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழு, மூன்று கைமாற்றிலும் சொல்ல வேண்டும். இரவு வேலைத் தாதியர் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாதவர்கள். அவர்களுக்கு இந்த வாய்வழித் தகவல்தான் கிடைக்கும்.

வட்ஸ்அப் குழு வைப்பது நல்லது, ஆனால் பொறுப்பாளர் மட்டும் எழுதும் குழுவாக வையுங்கள். எல்லோரும் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் “எக்ஸ்றே அறை இன்று மூடல்” புதைந்துபோகும். கேள்விகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் ஒரு கொப்பி தொங்கவிடுங்கள். அதில் எழுதியதற்கு அந்த வாரத் தாளிலேயே பதில் வர வேண்டும். “இன்னும் முடிவாகவில்லை, அடுத்த வெள்ளி சொல்வோம்” என்பதும் ஒரு பதில்தான். பதில் வராத கொப்பியில் மூன்றாவது வாரம் யாரும் எழுத மாட்டார்கள்.

ஊழியர் மனம் கசப்பது பெரும்பாலும் பெரிய கட்டடத்தால் அல்ல. மோட்டார் சைக்கிள் விடும் கொட்டில் எங்கே, உடுப்பு மாற்றும் அறை எங்கே, பெண்கள் கழிப்பறை எவ்வளவு தூரம், இரவு வேலை முடிந்து குவாட்டர்ஸுக்குப் போகும் பாதையில் லைட் இருக்கா என்பவைதான் அவர்களை நாளாந்தம் உறுத்தும். திட்ட வரைபடத்தில் இவை இருக்காது. முதல் வாரத் தாளிலேயே இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். தொழிற்சங்கங்களோடும் ஆரம்பத்திலேயே கதையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, எப்படியும் நீங்கள் பதில் தேட வேண்டியவை.

நான்காம் படி: நோயாளி புறப்படும் முன்

இது இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. ஆறுதலாக வாசியுங்கள்.

சீனி வருத்தம், பிறசர், இருதயம், ஆஸ்துமா என்று மாதாமாதம் வருபவர்களின் கையில் கிளினிக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அடுத்த திகதியை நாமே அதில் எழுதிக் கொடுக்கிறோம். அதைவிட நம்பகமான தபால் கிடையாது. ஆகவே திட்டத்தைத் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். ஜூன் முதலாம் திகதி கிளினிக் இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் வரப்போகிறவர்களுக்கு மே மாதம் திகதி எழுதும்போதே சொல்ல வேண்டும். மே மாதம் தவறவிட்டவர்களும், இரண்டு மாத மருந்து வாங்கிப் போனவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆகக் குறைந்தது இரண்டு சுற்றுக்கு முன்பே தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு முன் பேஸ்புக்கில் போட்டுவிட்டு அறிவித்தாயிற்று என்று நினைத்தால், பெரும்பாலானோருக்குச் செய்தி போகவே இல்லை.

செய்யும் விதம் எளிது. ஒரு றப்பர் முத்திரை செய்வியுங்கள்: “ஜூன் 1 முதல் இந்தக் கிளினிக் பழைய பிரசவ விடுதிக் கட்டடத்தில்.” அடுத்த திகதி எழுதும் அதே இடத்தில், அதே நேரத்தில் குத்துங்கள். குத்தும்போது வாயாலும் சொல்லுங்கள், முடிந்தால் கூட வந்த மகளிடமோ பேரனிடமோ சொல்லுங்கள். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு முத்திரையைவிட அந்த ஒரு வார்த்தை பெரிது. தலசீமியா, இரத்தச் சுத்திகரிப்பு போன்றவற்றுக்கு அடிக்கடி வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களை ஆளுக்கு ஆள் தொலைபேசியில் அழையுங்கள். ஒரு தடவை தவறினாலே உயிருக்கு ஆபத்தாகக்கூடிய நோயாளருக்குப் பொது அறிவித்தல் போதாது.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். வீடு வீடாகப் போகிறவர், தாய்மார் நம்புகிறவர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அவர்களின் மாதக் கூட்டம் நடக்கும்போது பத்து நிமிடம் கேட்டு வாங்கி, வரைபடத்தோடு நீங்களே போய்ச் சொல்லுங்கள். பிரசவ வலியோடு நள்ளிரவில் வருபவர் எந்த வாசலால் வர வேண்டும் என்பதை அவர்கள் தாய்மாரின் பதிவேட்டு அட்டையில் எழுதி விடுவார்கள். கடிதம் அனுப்பினால் அது கோப்பில் தூங்கும். நேரே போனால் அடுத்த நாளே ஊருக்குள் போய்ச் சேரும்.

பிறகு ஊர். கிராம அலுவலர், கூட்டுறவுக் கடை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல். ஞாயிறு பூசை முடிவிலோ வெள்ளித் தொழுகைக்குப் பிறகோ இரண்டு வரி அறிவித்தலுக்கு அநேகமாக யாரும் மறுக்கமாட்டார்கள். எழுதிக் கொடுங்கள், சொந்தமாகச் சொல்ல விட்டால் திகதி மாறிவிடும். வைத்தியசாலைக்கு வரும் பஸ்களின் நடத்துநர்களுக்கும், வாசலில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும் அந்த ஒரு பக்க வரைபடத்தைக் கொடுங்கள். புது வாசல் எங்கே என்று ஓட்டோக்காரருக்குத் தெரிந்தால் பாதி அலைச்சல் அங்கேயே தீரும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பேஸ்புக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. வன்னியில் அதற்கு ஒரு தனி வழி இருக்கிறது: கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் பிள்ளை பதிவைப் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லும். ஆகவே பதிவில் படம் தெளிவாக இருக்கட்டும், திகதி படத்துக்குள்ளேயே இருக்கட்டும். திகதியில்லாத படம் இரண்டு வருடம் கழித்தும் பகிரப்பட்டு ஆட்களை அலையவைக்கும்.

ஐந்தாம் படி: பலகையில் என்ன எழுதுவது

“வைத்தியசாலையின் அபிவிருத்தி வேலைகள் நடைபெறுவதனால் பொதுமக்களுக்கு ஏற்படும் அசௌகரியங்களுக்கு மனம் வருந்துகின்றோம்.” இந்தப் பலகையை எல்லா இடத்திலும் பார்க்கலாம். இதை வாசித்த ஒருவருக்கு எங்கே போவது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்:

“சீனி வருத்தம், பிறசர் கிளினிக் இப்போது இங்கே இல்லை. வேப்பமரத்தடியால் நேரே போய், நீலக் கதவுக் கட்டடம். நடக்க ஏலாதவர்கள் செக்குரிட்டியிடம் சொல்லுங்கள், சக்கர நாற்காலி வரும். ஜூன் 1 முதல் டிசம்பர் வரை.”

மரம், நிறம், கதவு என்று கண்ணால் காணக்கூடியதைச் சொல்லுங்கள். “நிர்வாகக் கட்டடத் தொகுதி 2” என்பது நமக்குத்தான் தெரியும். நோயின் பெயரும் சனம் சொல்லும் பெயராக இருக்கட்டும், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘நீரிழிவு’ என்று உத்தியோகபூர்வப் பெயரைப் போடலாம். எழுத்தின் உயரத்துக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: பத்தடி தூரத்திலிருந்து வசதியாக வாசிக்க ஒரு அங்குலம். முப்பதடி தள்ளி நிற்பவருக்கு மூன்று அங்குலம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்தில் வாசலிலிருந்து தரையில் கோடு போடுங்கள். “மஞ்சள் கோட்டால போங்கோ அம்மா” என்று செக்குரிட்டி சொன்னால் போதும்.

பொருளையும் யோசியுங்கள். துணிபோன்ற பிளாஸ்டிக் பதாகை மலிவு, ஆனால் கச்சான் காற்று அதை ஒரு மாதத்தில் கிழித்துவிடும். கட்டட வேலையில் எழும் செம்மண் தூசி எழுத்தை மூடிவிடும். தகரத்திலோ ஒட்டுப்பலகையிலோ எழுதி, வாரத்தில் ஒரு நாள் துடைக்க ஒரு ஆளை நியமியுங்கள். மாற்றம் முடிந்த அன்றே பழைய பலகையைக் கழற்றுங்கள்.

சத்தம், தூசி, தோண்டல்

எந்த நாள், எத்தனை மணிக்கு இடிப்பார்கள், எவ்வளவு நேரம் என்பதை விடுதியில் உள்ள நோயாளர்களுக்கு அன்று காலையே படுக்கைக்குப் படுக்கை போய்ச் சொல்லுங்கள். தூண் அடிக்கும் இயந்திரத்தின் சத்தம் ஷெல் சத்தத்தை நினைவூட்டக்கூடியது. எதிர்பார்த்து இருக்கும் மனதுக்கு அது வெறும் சத்தமாகக் கழியும். எதிர்பாராத ஒருவர் கட்டிலுக்குக் கீழே ஒளியக்கூடும். மனநலக் கிளினிக் நடக்கும் நாட்களிலும் பார்வையாளர் நேரத்திலும் பெரிய சத்த வேலையை வைக்கவேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். சத்தம் தொடங்க ஐந்து நிமிடத்துக்கு முன் விடுதிக்கு ஒரு போன் வந்தால் தாதியர் ஒரு சுற்றுப் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

தூசியைப் பற்றியும் காரணத்தோடு சொல்லுங்கள். பழைய சுவரையும் கூரையையும் உடைக்கும்போது அஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவும். சுகதேகிக்கு ஒன்றும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கும் அது நுரையீரலில் கடும் தொற்றாகலாம். “இந்தக் கதவைத் திறக்காதீர்கள்” என்று மட்டும் எழுதினால் காற்றுக்காகத் திறப்பார்கள். “திறந்தால் தூசி உள்ளே வந்து நோயாளருக்கு நெஞ்சில் கிருமி பிடிக்கும்” என்று எழுதினால் மூடுவார்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிய உத்தியோகத்தரை வாரக் கூட்டத்தில் கட்டாயம் இருத்துங்கள்.

தோண்டலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் நமது மண்ணில் எழுதியே ஆகவேண்டும். அத்திவாரம் வெட்டும்போது வெடிக்காத ஒரு பொருள் தட்டுப்படலாம். மனித எச்சங்களும் வரலாம். 2018இல் மன்னார் நகரில் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டட வேலைத்தளத்தில் வந்தன. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது வந்தன. அப்படி ஒன்று நடந்தால் வேலையை உடனே நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். எச்சங்கள் என்றால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். வைத்தியசாலைக்குள் யார் பேசுவது, என்ன சொல்வது என்பதை முன்பே தீர்மானியுங்கள். “ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டுள்ளது. வேலை நிறுத்தப்பட்டுள்ளது. பொலிஸுக்கு அறிவித்துவிட்டோம். சிகிச்சைகள் வழமைபோல் நடக்கும். இந்தப் பக்கம் வரவேண்டாம்.” இதற்கு மேல் ஊகம் ஒன்றும் வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். காணாமல்போன தங்கள் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் இந்த மாவட்டங்களில் இன்னும் வீதியில் இருக்கிறார்கள். பொறுப்பில்லாத ஒரு வட்ஸ்அப் செய்தி அவர்களை எப்படி வதைக்கும் என்று ஊழியர் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆறாம் படி: அவசர சிகிச்சைப் பிரிவு மாறும் நாள்

மற்ற எல்லாவற்றையும்விட இதில் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே வருபவருக்குப் பலகை வாசிக்க நேரமில்லை. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ், பொலிஸ், சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகள் ஆகியவற்றுக்கு எழுத்திலும் போனிலும் அறிவியுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்து உறுதிப்படுத்துங்கள். ஆனால் கிராமங்களிலிருந்து பாம்பு கடித்தவரையும் விபத்தில் அடிபட்டவரையும் கொண்டுவருவது பலவேளை ஓட்டோ, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள். அவர்கள் பழகிய வாசலுக்கே வருவார்கள்.

அதனால் பழைய வாசலில் இரவும் பகலும் ஒரு சிற்றூழியரையும் ஒரு ட்ரொலியையும் நிறுத்துங்கள். ஆகக் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம். ஆளணி இல்லை என்று சொல்வார்கள். உண்மையிலேயே இல்லாத இடங்களும் உண்டு. அப்படியானால் அபிவிருத்திச் சங்கத்திடமும் தொண்டர்களிடமும் கேளுங்கள். இதற்கு மட்டும் ஆள் இல்லாமல் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாற்றத்தைக் காலையில் செய்யுங்கள், நோயாளர் குறைந்த ஒரு நாளில். புது வாசலுக்கு முதல் நாளே வெளிச்சம் போட்டு, ஒரு அம்புலன்ஸை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நாட்காட்டி

வைத்தியசாலையின் நாட்காட்டியோடு ஊரின் நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மாரி மழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதங்களில் தற்காலிகப் பாதை சேறாகும், கொட்டகைக் கிளினிக் ஒழுகும், பஸ் ஓடாது. பெரிய இடமாற்றத்தை அப்போது வைக்காதீர்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஓகஸ்ட் 15இல் மடு மாதா திருவிழா. சனம் திரளும் அந்த நாட்களில் அப்பகுதி வைத்தியசாலைகளில் எதையும் மாற்றவேண்டாம். காலபோக அறுவடைக் காலத்தில் விவசாயிகள் கிளினிக்கைத் தள்ளிப்போடுவார்கள், ஆகவே அப்போது சொன்ன செய்தி பலருக்குப் போயிராது. அறுவடை முடிந்து இன்னொரு தரம் சொல்லுங்கள்.

வேலை பிந்தும்போது

பிந்தும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் கட்டட வேலைகள் பாதியில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். பாதியில் நிற்கும் தூணைப் பார்த்து, காசு எங்கே போனது என்று ஊர் கதைக்கத் தொடங்கும் முன் நீங்கள் சொல்லுங்கள்: எது முடிந்தது, எது நின்றது, ஏன், அடுத்த தகவல் எப்போது. முடியும் திகதி தெரியாவிட்டால் ஒரு திகதியைக் கற்பனை செய்து பலகையில் போடவேண்டாம். அடுத்த தகவல் எந்த நாளில் வரும் என்பதை மட்டும் போட்டு, அந்த நாளில், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், சொல்லுங்கள். இரண்டு திகதி பிழைத்தால் மூன்றாவதை யாரும் நம்பமாட்டார்கள்.

போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது

வாசல் செக்குரிட்டியிடம் ஒரு தாளும் பேனையும் கொடுங்கள். யாராவது வழி கேட்டால், கேட்ட இடத்தின் பெயருக்கு நேரே ஒரு கோடு. பின்னேரம் பார்த்தால் எந்தப் பலகை வேலை செய்யவில்லை என்று தானாகத் தெரியும். ஸ்கானுக்கு நிறையக் கோடு விழுந்தால் அடுத்த நாளே அந்தப் பலகையின் இடத்தை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மருந்தகத்திலிருந்து வெளியே வருபவர்களில் பத்துப் பேரை நிறுத்தி, “இடம் மாறினது உங்களுக்கு எப்ப தெரியும்? யார் சொன்னது?” என்று கேளுங்கள். “இங்க வந்துதான் தெரியும்” என்பது பத்தில் மூன்று நான்கு பேரின் பதிலாக இருந்தால், நான்காம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். முத்திரை குத்துவது நின்றுவிட்டதா, பஸ் நடத்துநர் மாறிவிட்டாரா என்று தேடுங்கள்.

புதிய கட்டடம் திறந்த பிறகும் இந்த வேலை ஒரு இரண்டு மூன்று மாதத்துக்கு இருக்கிறது. தரையில் போட்ட பழைய நிறக் கோடுகளை அழிக்க வேண்டும், றப்பர் முத்திரையை மாற்ற வேண்டும், கூகுள் வரைபடத்தில் வாசலின் புள்ளியைத் திருத்த வேண்டும், தொலைபேசிப் பட்டியலில் உள்ளக இலக்கங்களைப் புதுப்பித்து 1990க்கும் பிரதேச வைத்தியசாலைகளுக்கும் அனுப்ப வேண்டும். திறப்பு விழா முடிந்ததும் பொறுப்பாளரைப் பழைய வேலைக்கு அனுப்பிவிடாமல், இரண்டு கிளினிக் சுற்று முழுதாக முடியும்வரை அதே இடத்தில் வைத்திருங்கள்.